அடி இல்லாத சேறும் ஒரு பழைய ஃபோர்-வீல் வண்டியும்

போன மாதம் என்னை ஒரு புது வண்டியில் உட்கார வைத்து வேடிக்கை காட்டினார்கள். காரைக்காலில் மணலிலும் சேற்றிலும் வண்டி ஓட்டுவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அதில் இரண்டு பேர் முன்பு என்னோடு பட்டறையில் வேலை பார்த்தவர்கள். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு. அதை ஒரு பக்கம் திருப்பினால் மணல், இன்னொரு பக்கம் சேறு, அப்புறம் பாறை, கடைசியில் பனி. வண்டியே தரையைப் புரிந்துகொண்டு நாலு சக்கரத்துக்கும் வேண்டியதைச் செய்துகொள்ளுமாம். "நம்ம ஊர் மார்கழிப் பனிக்கு இவ்வளவு செலவாப்பா?" என்று கேட்டேன். சிரித்தார்கள்.

சிரித்து முடித்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, பழைய வண்டி ஒண்ணு கெடைச்சிருக்கு. மணல், சேறுன்னு டிரெயில் போற மாதிரி மாத்தணும். எத்தனை இஞ்ச் தூக்கலாம்?"

எல்லோருக்கும் முதலில் தூக்கத்தான் வேண்டும். வண்டி உயரமாக நின்றால் மலையையே தாண்டிவிடும் என்று நினைப்பு. நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அதனால் அவர்களுக்குப் பதில் சொல்லாமல் ஜெய்லானி பாய் வண்டியின் கதையைச் சொன்னேன். இத்தனை வருட வேலையில் நான் வாய் பிளந்து நின்றது அந்த ஒரு வண்டியிடம்தான். வண்டியிடம் என்று சொல்வது கூட முழுதாகச் சரியில்லை.

எனக்கு ஊர் நெரவி. விவசாயக் குடும்பம். டிராக்டர் ரிப்பேரில் கை பழகி, பிறகு காரைக்காலில் லூயி ஐயாவின் பட்டறையில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். நடுவில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரீஸ், டீசல், நசுங்கிய விரல், அவ்வளவுதான்.

லூயி ஐயாவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து, ஆப்பிரிக்கப் பாலைவனம் எல்லாம் பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பால் கலக்காத காபி, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. பட்டறையில் வண்டி கழுவுகிறவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். யாராவது அவசரப்பட்டு ஸ்பானரை முறுக்கினால், "தூஸ்மா, தூஸ்மா" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தமாம். திட்டு வாங்கியிருந்தால்கூட மறந்து போயிருக்கும். அந்தத் தூஸ்மா இன்னும் என் காதில் இருக்கிறது.

எந்த வண்டி வந்தாலும் முதல் நாள் ஒரு போல்ட்டைத் தொட விடமாட்டார். வண்டியைக் குழி மேல் நிறுத்தி அடிப்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவச் சொல்வார். பிறகு ஒரு சின்னச் சுத்தியலோடு அவரே குழிக்குள் இறங்குவார். முன்முனையிலிருந்து பின்முனை வரை சேஸிஸை விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. 'பொத்' என்றால் உள்ளே கடற்காற்று தின்றிருக்கிறது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. அவர் தட்டும் வரை பட்டறையில் யாரும் பேசக்கூடாது, ரேடியோ பாடக்கூடாது.

அடுத்து நூல். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நூல் பிடித்து அளப்பார். வெறும் வண்டியாக ஒரு தடவை, வண்டிக்குச் சொந்தக்காரரை உட்கார வைத்து ஒரு தடவை. அப்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "இதுல யார் யாரு வருவாங்க?"

ஒருமுறை ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை செல்போனில் ஒரு படத்தைக் கொண்டு வந்து, தன் வண்டியை அப்படியே ஆக்கித் தரச் சொன்னார். எங்கே ஓட்டுவீர்கள் என்று ஐயா கேட்டார். பீச் ரோடு என்று பதில் வந்தது. ஐயா வண்டியை நன்றாகக் கழுவி, டயரில் காற்றைச் சரிபார்த்து, கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

ஜெய்லானி பாய் திருமலைராயன்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மணல்மேட்டில் வண்டி ஓட்டுவதுதான் அவருக்குத் தொழில். சர்க்கரை நோய் முற்றி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு ஊருக்கு வந்துவிட்டார். செயற்கைக் கால் பொருத்தியிருந்தார்கள். வீட்டுக்குள் நடக்க அது போதும், கிளட்ச் மிதிக்கப் போதாது. லீவில் வரும்போது ஓட்டலாம் என்று எப்போதோ வாங்கிப்போட்ட பழைய டீசல் ஃபோர்-வீல் வண்டி ஒன்று கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பார்க்க ஐயாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம்.

பாய் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் அவர் மனைவி ராபியா அக்காதான்.

"தம்பி, அவருக்கு இருக்கறது ஒத்தக் காலு. அதையும் இந்த வண்டிக்குக் குடுக்க எனக்கு மனசு இல்ல. ஆனா ஊருக்கு வந்ததுலேருந்து வாசப்படி தாண்ட மாட்டேங்குறாரு. சோறும் சரியா திங்கல. அதான் ஒரு பேச்சு பேசிக்கிட்டோம். ஒரே ஒரு தடவை, எங்க அண்ணன் சவுக்குத் தோப்புலேருந்து முகத்துவாரம் வரைக்கும் அவரே ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வரட்டும். யாரும் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. போயிட்டு வந்தா வண்டி இருக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். எவனாச்சும் இழுத்தா மறுநாளே வித்துப்புடணும்."

பாய் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தொழில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் தன்னையே எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார்.

டீயை வைத்துவிட்டு ராபியா அக்கா இன்னொன்றும் சொன்னார். "பாத்துச் செய்யுங்க தம்பி. தோப்பு எங்க வாப்பா காலத்துது. சின்னப் புள்ளையில அங்கதான் சவுக்குச் செத்த பொறுக்கிக்கிட்டுக் கெடப்போம். மணலைத் தாண்டினா ஒரு கருஞ்சேறு வரும். அதுக்கு அடி கெடையாது."

நான் மனசுக்குள் சிரித்தேன். நெரவிக்காரனுக்குச் சேற்றைப் பற்றிப் பாடமா! எங்கள் வயலில் முழங்கால் சேறு இருந்தாலும் அதற்குக் கீழே ஏர் தொடாத கெட்டித் தரை ஒன்று உண்டு. காலை வைத்தால் போய் நிற்கும். நடவு சமயத்தில் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதே சேற்றை வெட்டிக்கொண்டு போய் அந்தத் தரையைப் பிடிக்கத்தான். சேறென்று இருந்தால் அடி இருக்கத்தானே வேண்டும்?

பட்டறைக்கு வந்த வண்டியை ஐயா தட்டி முடித்தபோது மாட்டுப் பொங்கல் மாடு மாதிரி உடம்பெல்லாம் புள்ளி. அவ்வளவையும் வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு பற்றவைத்தோம். அதற்குப் பிறகு கிளட்ச். கியர்க் கம்பியிலேயே ஒரு கைப்பிடியைப் பொருத்தி, அதை அழுத்தினால் எண்ணெய்க் குழாய் வழியாகக் கிளட்ச் இயங்கும்படி செய்தேன். முதலில் வைத்த பிடி குட்டையாக இருந்தது. அழுத்திப் பார்த்ததில் என் உள்ளங்கையே கன்றிப் போயிற்று. பிடியை நீட்டி, சிலிண்டரை மாற்றி, மறுபடி வைத்தோம். ஒற்றைக் கையால் பூப்போல அழுத்த முடிகிற வரை ஐயா விடவில்லை. அதை வண்டிப் பதிவு அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்கியது தனிக்கதை.

அடிப்படை வேலை முடிந்ததும், "மிச்சத்த நீங்க செய்ங்க" என்று ஐயா என்னிடம் விட்டுவிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை நன்றாகத் தூக்கினேன். சேற்றை வெட்டிக்கொண்டு போகும்படி உயரமான, ஒடுங்கிய, ஆழமாகப் பல் வெட்டிய டயர் போட்டேன். காற்றைக் கல் மாதிரி ஏற்றினேன். முன்னால் கனத்த இரும்பு பம்பர், அதில் ஒரு இழுவை மோட்டார், கூரை மேல் கேரியர். பார்த்தவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பாயிடம் ஒப்படைப்பதற்கு முன் நானே தோப்புக்கு ஓட்டிப்போய்ப் பார்த்தேன். ஐயா தோப்பு நிழலில் நின்றார். மணலில் திக்கித் திணறித் தாண்டினேன். கருஞ்சேறு வந்தது. வா மகனே என்று அழுத்தினேன். வண்டி வெட்டிக்கொண்டு இறங்கியது. இறங்கியது, இன்னும் இறங்கியது. இதோ தரை வந்துவிடும் என்று நான் சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற அது இறங்கிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்தால் சேறு உள்ளே வந்தது.

மச்சானுக்குப் போன் போட்டு நெரவியிலிருந்து டிராக்டரை வரவழைத்தேன். எங்கள் ஊர் டிராக்டர் அல்லவா, அதுவும் என்னைப் போலவே அடியைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தது. கடைசியில் மீனவர்கள் வந்து, பலகை கொடுத்துத் தூக்கி, படகு இழுக்கும் கயிறு போட்டு இரண்டையும் இழுத்துக் கரை சேர்த்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கும் மீன் வாங்கப் போனால் அதே சிரிப்புதான்.

ஐயா சிரிக்கவில்லை. நான் சேறும் சகதியுமாக வந்து நின்றதும், "அந்த அம்மா இந்த எடத்தப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சேத்துக்கு அடி இல்லன்னாங்க."

"அப்பறம் ஏன் அடியத் தேடுனீங்க?"

அவர் குனிந்து தரையைக் காட்டினார். மீனவர்கள் நடந்து போன தடங்கள் அந்தச் சேற்றின் மேல் வரிசையாக இருந்தன. யாரும் முழங்கால் வரை புதையவில்லை. "மனுசன் நடந்து போயிருக்கான் பாருங்க கலியபெருமாள். ஒரு மனுசன் கால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான் நம்ம வண்டியும் அழுத்தணும். முடியுமா?"

அவ்வளவு கனமான இரும்பை ஒரு மனிதனின் பாதம் அளவுக்கு இலேசாக்குவதாவது! கேட்டபோது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

செய்தி ராபியா அக்காவுக்கும் போயிருந்தது. பேச்சு முறிந்துவிட்டதோ என்று பயந்துகொண்டே போனேன். "அது ஒங்க ஆட்டம். அவரு இன்னும் ஆடவே இல்லயே" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நடந்தது சேர்க்கிற வேலை இல்லை, கழற்றுகிற வேலை. பம்பர் போயிற்று, மோட்டார் போயிற்று, கேரியர் போயிற்று, பின் சீட்டில் பாதி போயிற்று. தூக்கிய உயரத்தில் பெரும்பகுதியை இறக்கினேன். வண்டியைத் தாங்கும் எஃகுப் பட்டைகளில் அடுக்குக்கு ஒன்றை உருவி இளக்கினோம். அப்போதுதான் பள்ளத்திலும் மேட்டிலும் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பாது. மட்கார்டு விளிம்பை வெட்டி, அகலமான, பல் அதிகமில்லாத டயர் போட்டோம். ஆக்ஸிலின் மூச்சுக் குழாய்களில் தண்ணீர் ஏறாதபடி ரப்பர் குழாயைச் செருகி மேலே கொண்டுபோய்க் கட்டினோம்.

கடைசியில் காற்று. ஐயா தானே மண்டியிட்டு வால்வை அழுத்திக்கொண்டு காற்றை இறக்கினார். பாதி போயிற்று. அதற்கும் கீழே போயிற்று. டயரின் பக்கச் சுவர் பிதுங்கி, தரையோடு படிந்து உட்கார்ந்தது, ஒட்டகப் பாதம் மாதிரி. "சாலையில இப்படி ஓட்டாதீங்க, தோப்புக்குப் போன பின்னாடிதான் இவ்வளவு எறக்கணும்" என்றார்.

நூல் பிடிக்கும்போது வழக்கமான கேள்வி வந்தது. "யார் யாரு வருவாங்க?" பாய், "நான் மட்டுந்தான்" என்றார். அவர் போன பிறகு ஐயா என்னிடம், "இடது பக்கத்துக்கும் ஒரு ஆள் கணக்கு வெய்ங்க" என்றார். "யாருங்கய்யா?" என்று கேட்டேன். அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

அந்த நாள் காலை, கடல்நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துத் தோப்பில் கூடினோம். அக்காவின் அண்ணன் வந்திருந்தார். பாய் ஏறி உட்கார்ந்து, கியர்ப் பிடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். நான் பின்னால் ஏறினேன். இடது பக்கக் கதவு திறந்தது. ராபியா அக்கா ஏறி உட்கார்ந்து, "பிஸ்மில்லா சொல்லிட்டு எடுங்க" என்றார். ஐயா தோப்பு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மணலில் பாய் ஓட்டியதை எப்படிச் சொல்வது? நான் திணறின அதே மணல். அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே இல்லை, விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். அதைத் தானாக லேசாக ஆட விட்டார். எங்கே மணல் இளகுகிறது என்று அவருக்குப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்தது. கை அழுத்த, கியர் விழ, வண்டி வேகம் குறையாமல் மேட்டில் ஏறி மறுபக்கம் வழுக்கியது. இஞ்சின் ஒருமுறைகூட அலறவில்லை. நான் பற்றவைத்த இரும்பு, நான் நீட்டிய பிடி, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த வண்டியை எனக்குத் தெரியாது. அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். வீட்டு நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மனிதர் அதில் இல்லை.

கருஞ்சேறு வந்தது. ஓரத்தில் மிதந்த மாதிரிப் போனோம். பாதியில் பாய் வண்டியை மெல்ல நிறுத்தினார். பிரேக் போடவில்லை, தானாக நிற்க விட்டார். எதிரே எல்லாம் ஒரே கருப்பு, ஒரே பளபளப்பு. நடுவில் புதிதாக ஒரு ஓடை அறுத்துக்கொண்டு போயிருந்தது.

"இதுக்கு மேல எனக்குத் தெரியல" என்றார். "அங்க பாலைவனத்துலன்னா எறங்கி நடந்து பாப்பேன். தெரியாத எடத்துல மொதல்ல காலு, அப்பறந்தான் சக்கரம். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்."

சொல்லிவிட்டுத் தன் இடது காலைப் பார்த்தார்.

"நான் எறங்கறேன் பாய்" என்றேன்.

"நீங்க எறங்கினா அடியத் தேடுவீங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நிற்கிற இடத்திலேயே வண்டி மெல்ல மெல்ல அமுங்குவது எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் கயிறுதான். கயிறு வந்தால் வண்டி போய்விடும், பாய் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விடுவார். பாய் தோற்க வேண்டும் என்று ராபியா அக்கா கணக்குப் போட்டிருந்தால், அவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

ராபியா அக்கா செருப்பைக் கழற்றி சீட்டுக்குக் கீழே வைத்தார். கதவைத் திறந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்.

"ராபியா" என்றார் பாய்.

"பின்னாலயே வாங்க" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

நடந்தார். ஒரு காலை வைத்து, விரலால் அழுத்திப் பார்த்து, பிடிக்காவிட்டால் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சவுக்குச் செத்தை பொறுக்கின காலத்தில் ஓடின சேறு அது. ஓடையை நேரே தாண்டாமல், மேலே போய் வளைந்து, ஏதோ சிப்பி கலந்த திட்டைக் கண்டுபிடித்து அதன் மேல் ஏறினார். குட்டி கியரில், நடக்கிற வேகத்தில், பாய் அவர் வைத்த தடத்தின் மேலேயே சக்கரத்தை வைத்துக்கொண்டு போனார். அக்கா நின்றால் வண்டி நின்றது. அவர் காலை எடுத்தால் வண்டி எடுத்தது. தூஸ்மா, தூஸ்மா என்று என் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

முகத்துவாரத்தின் கெட்டி மணலில் ஏறி நின்றதும் நான் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். சேற்றின் மேல் எங்கள் டயர் தடம் நீளமாக வந்திருந்தது. அதன் ஊடே, சக்கரம் ஏறாத இடங்களில் அக்காவின் காலடிகள். குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். அந்தக் காலடி எவ்வளவு பதிந்திருந்ததோ அவ்வளவேதான் எங்கள் வண்டியும் பதிந்திருந்தது. அதற்கு மேல் ஒரு நூல் இல்லை. ஐயா பேச்சுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு இரும்பு ஒரு பெண்பிள்ளையின் நடையளவுக்கு இலேசாகி வந்திருந்ததை நான் என் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அக்கா இறங்கி நடந்தார், அதே மாதிரி பாய் பின்னாலேயே வந்தார். தோப்பில் அண்ணன் ஓடி வந்து, "என்ன, கயிறு போட்டாங்களா? யாராச்சும் இழுத்தாங்களா?" என்று கேட்டார். பாய் மனைவியைப் பார்த்தார். சொல்ல வேண்டியது அவர்தான்.

"யாரும் இழுக்கல" என்றார் ராபியா அக்கா. "நான் முன்னால நடந்தேன். அவரு பின்னால வந்தாரு. வண்டி இருக்கட்டும்."

வண்டியின் படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். கணுக்கால் வரை கருஞ்சேறு. ஜெய்லானி பாய் தடுமாறி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் பாரத்தைத் தாங்கிக் குனிந்து, நாங்கள் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கேனோடு எடுத்து அந்தக் கால்களில் ஊற்றினார். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சேறு கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது.